183.5 கட்-ஆஃப்: கணினிப் பொறியியலுக்கு எந்தக் கல்லூரிகளை, எந்த வரிசையில் எழுதுவது?

கேள்வி: நான் தருமபுரி மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் 94, இயற்பியலில் 88, வேதியியலில் 91 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் (எம்.பி.சி.) பிரிவு; எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். கணினி அறிவியல் பொறியியல் (சி.எஸ்.இ.) தவிர வேறெதிலும் சேர மாட்டேன் என்கிறாள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் புகழ்பெற்ற எட்டுக் கல்லூரிகளை மட்டும் எழுதினால் போதும் என்பது அவள் எண்ணம். பெரிய கல்லூரிகளை முதலில் எழுதினால் கிடைக்கிற இடமும் போய்விடும், கிடைக்கக்கூடியதையே முதலில் எழுத வேண்டும் என்கிறார் என் மைத்துனர். இதற்கிடையே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து தினமும் தொலைபேசியில் அழைத்து, வரும் வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் கட்டினால் சி.எஸ்.இ. இடம் உறுதி என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல்தான் அவள் அரசுப் பள்ளியில் படித்தாள். நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் மகளும் மைத்துனரும் ஆளுக்கொரு பாதி உண்மையைப் பிடித்திருக்கிறார்கள் என்பதால், முதலில் கலந்தாய்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

உங்கள் மகளின் கட்-ஆஃப் 183.5. கணித மதிப்பெண் 94 முழுமையாகவும், இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 45.5 என்றும் சேர்ந்து, 200-க்கு இந்த எண் வருகிறது. இதே எண்ணைப் பெற்றவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், அவர்களில் முதலில் கணித மதிப்பெண்ணையும், அதுவும் சமமானால் இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். எல்லாமே சமமாக இருந்தால் கடைசியில் விண்ணப்பதாரருக்குக் கணினி குலுக்கல் போலத் தரும் ரேண்டம் எண்தான் முடிவு செய்யும். இப்படித் தயாராகும் தரவரிசைப் பட்டியலில் முன்னால் இருப்பவரின் விருப்பப் பட்டியலைக் கணினி முதலில் எடுத்து, அதில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தை அவருக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்தவரிடம் போகிறது. உங்கள் மகளின் முறை வரும்போதும் இதுவே நடக்கும். முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரி இருந்து, அங்கே இடம் இல்லையென்றால், கணினி அதே நொடியில் இரண்டாவது வரிக்கு வந்துவிடும். எட்டாத கல்லூரியை மேலே எழுதியதற்காக ஒரு மதிப்பெண்ணும் குறையாது. அவளுக்குப் பின்னால் நிற்கும் எவரும் அதனால் முந்திவிடவும் முடியாது. ஆகவே உங்கள் மைத்துனரின் யோசனையை இந்த ஒரு விஷயத்தில் தயவுசெய்து ஏற்காதீர்கள். கிடைக்கக்கூடியதை முதலில் எழுதினால் அது கிடைத்துவிடும். அதைவிட மேலானது காலியாக இருந்தாலும் கணினி அந்த வரிக்குப் போகவே போகாது.

ஆனால் அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் உங்கள் மகளின் எட்டு வரிப் பட்டியலில் இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., சென்னை எஸ்.எஸ்.என். போன்றவற்றில் சி.எஸ்.இ. இடங்கள், எம்.பி.சி. பிரிவிலும்கூட, 183.5-க்கு வெகு மேலேயே முடிந்துவிடுவது வழக்கம். எட்டு வரியும் அப்படிப்பட்டவையாக இருந்தால், கணினி எட்டையும் பார்த்துவிட்டு, ஒதுக்கீடு இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும். அப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் 186 கட்-ஆஃப் வைத்திருந்த ஒரு மாணவி ஒன்பது வரிகள் மட்டும் எழுதி, எதுவும் கிடைக்காமல், முடிவு வந்த மாலையில் தன் அம்மாவோடு என்னிடம் வந்தாள். அவளைவிட மூன்று மதிப்பெண் குறைவாக எடுத்த அவளுடைய தோழிக்கு ஒரு நல்ல கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு கிடைத்திருந்தது. தோழி அறுபதுக்கும் மேற்பட்ட வரிகள் எழுதியிருந்தாள் என்பது மட்டுமே இருவருக்கும் இருந்த வேறுபாடு. ஒதுக்கீடு கிடைக்காதவர் அடுத்த சுற்றில் கலந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல் சுற்றில் எடுக்கப்படாமல் மிஞ்சியவற்றில்தான் அப்போது தேட வேண்டியிருக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். பட்டியலின் மேல் பகுதியை ஆசைப்படி எழுதுங்கள். கணக்கெல்லாம் கீழ்ப் பகுதிக்குத்தான். எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதி இடம் தரும்போது, உங்கள் மகளின் நிலையில் இருப்பவர் ஐம்பதுக்குக் குறையாமல் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீழ்ப் பகுதிக்கான கணக்கை எப்படிப் போடுவது? சென்ற ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவும் எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்ற விவரம், எம்.பி.சி. போன்ற இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாக, கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. பெரும்பாலான பெற்றோர் அதை எடுத்து, எம்.பி.சி. 182-ல் முடிந்திருக்கிறது, நம் பிள்ளை 183.5, ஆகவே கிடைத்துவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறான ஒப்பீடு. கணிதத் தேர்வு எளிதாக அமைந்து சதம் எடுத்தவர்கள் பெருகிய ஆண்டில், அதே 183.5 பட்டியலில் பல ஆயிரம் இடங்கள் பின்னால் போய்விடும். கடினமான ஆண்டில் முன்னால் வந்துவிடும். ஒரு பேச்சுக்குச் சொன்னால், சென்ற ஆண்டு 182 எடுத்தவரின் தரவரிசை 30,000 என்றும், இந்த ஆண்டு உங்கள் மகளின் தரவரிசை 34,000 என்றும் இருந்தால், ஒன்றரை மதிப்பெண் கூடுதலாக இருந்தும் அவள் அவரைவிடப் பின்னால்தான் நிற்கிறாள். எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தரவரிசையைத் தரவரிசையோடு ஒப்பிடுங்கள். பழைய ஆண்டின் தரவரிசைப் பட்டியலில் அந்த முடிவு மதிப்பெண்ணைத் தேடி, அப்போது அதற்கு என்ன தரவரிசை இருந்தது என்று பார்த்துக்கொண்டால் போதும். பொதுத் தரவரிசையோடு எம்.பி.சி. பிரிவுத் தரவரிசையும் தரப்படும். உங்களுக்குப் பின்னதுதான் அதிகம் பயன்படும். யாராவது 2021-ஆம் ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைக் காட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். அந்த ஆண்டு கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 விழுக்காடு என்று மதிப்பெண் கணக்கிட்டார்கள். அந்த எண்களுக்கும் இன்றைய எண்களுக்கும் தொடர்பு இல்லை.

இன்னொரு எண்ணையும் மனத்தில் வையுங்கள். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் தம் இடங்களில் 65 விழுக்காட்டையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. அறுபது இடங்கள் கொண்ட ஒரு சி.எஸ்.இ. வகுப்பில் கலந்தாய்வுக்கு வருபவை 39, அவற்றில் எம்.பி.சி. பிரிவின் 20 விழுக்காடு என்பது ஏறத்தாழ எட்டே இடங்கள். பொதுப்பிரிவின் 31 விழுக்காட்டிலும் உங்கள் மகள் போட்டியிடலாம் என்றாலும், அவளுடைய எண்ணுக்கு அந்த எட்டுத்தான் நடைமுறையில் உதவும். எட்டு இடங்கள் மட்டுமே இருக்கும்போது, இரண்டு மாணவர்கள் வேறு ஊரைத் தேர்ந்தெடுத்தாலே முடிவுத் தரவரிசை ஏறி இறங்கிவிடும். ஆகவே ஒரே ஆண்டின் எண்ணை நம்பாமல் மூன்று ஆண்டுகளின் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். மூன்றிலும் உங்கள் மகளின் தரவரிசைக்குப் பிறகே முடிந்த கல்லூரிகளாகக் குறைந்தது பதினைந்தையாவது பட்டியலின் அடியில் வைத்தால்தான் எனக்கு மனம் அமைதியடையும். அண்மையில், தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., ஒரு பாடப்பிரிவில் சேர்க்கக்கூடிய இடங்களுக்கு இருந்த உச்சவரம்பை நீக்கிவிட்டதால், பல கல்லூரிகள் கணினிப் பிரிவுகளைப் பெருக்கியிருக்கின்றன. இடம் கிடைப்பது அதனால் சற்று எளிதாகலாம்; கற்பிக்கத் தகுந்த ஆசிரியர்கள் அதே வேகத்தில் பெருகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால், நான் முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்பவை அரசுக் கல்லூரிகள். செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி, வேலூர் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்ப நிறுவனம் ஆகிய நான்கும் நீங்கள் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. கட்டணம் சுயநிதிக் கல்லூரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. உறவினர் வட்டத்தில் இவற்றின் பெயர் அடிபடுவதில்லை என்பதற்காகவும், பேருந்தில் விளம்பரம் வருவதில்லை என்பதற்காகவும் இவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் விடும் பெற்றோரைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. அதற்கு அடுத்ததாகத் திருச்சி, விழுப்புரம், திண்டிவனம், ஆரணி போன்ற ஊர்களில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளைப் பாருங்கள். சுயநிதிக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, தன்னாட்சி பெறாதவை எல்லாம் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் ஒரே தேர்வைத்தான் எழுதுகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை விழுக்காடு தேர்ச்சி என்பதைக் கல்லூரிவாரியாகப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. முப்பது விழுக்காட்டுக்கும் கீழே தேர்ச்சி காட்டும் கல்லூரி, வாசலில் எத்தனை நிறுவனங்களின் பெயர்ப்பலகையை மாட்டியிருந்தாலும், உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் தம் தேர்வைத் தாமே நடத்துவதால் அந்தப் பட்டியலில் வரமாட்டா. அவற்றுக்கு, நீங்கள் சேரப்போகும் பாடப்பிரிவுக்கு தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் மொத்தமாகத் தரப்படுவதில்லை; பிரிவுக்குப் பிரிவு தனியாகத் தரப்படுவது.

அடுத்தது, சி.எஸ்.இ. தவிர வேறெதிலும் சேர மாட்டேன் என்ற பிடிவாதம். அவளிடம் கோபித்துக்கொள்ளாமல், அவள் விரும்புவது எது என்று கேட்டுப் பாருங்கள். மென்பொருள் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் என்றால், தகவல் தொழில்நுட்பப் பிரிவை (ஐ.டி.) சி.எஸ்.இ.க்குச் சமமாகவே வைத்து எழுதலாம். பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஒன்றே. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த பிரிவுக்கும் அடித்தளம் அதுவே. ஆனால் அந்தப் பிரிவைப் புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் கற்பிப்பவர்கள் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கேள்வி கடினமாவது, சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ.யா, நல்ல கல்லூரியில் மின்னணுத் தகவல்தொடர்புப் பிரிவா (ஈ.சி.இ.) என்று வரும்போதுதான். தேர்ச்சி விகிதம் மோசமான கல்லூரியின் சி.எஸ்.இ.யைவிட அரசுக் கல்லூரியின் ஈ.சி.இ.யை நான் மேலே வைப்பேன். மென்பொருள் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பல பிரிவினரையும் எடுக்கின்றன, நான்கு ஆண்டுகள் அவளோடு பக்கத்தில் உட்காரப்போகும் மாணவர்களின் தரமும் அவளை உருவாக்கும். இயற்பியலில் அவளுக்கு உண்மையிலேயே வெறுப்பு இருந்தால் மட்டும் இந்த யோசனையைத் திணிக்காதீர்கள். இயற்பியலில் 88 எடுத்த பெண் என்பதால் அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்; ஆனாலும் மதிப்பெண்ணை வைத்து விருப்பத்தை முடிவு செய்துவிட முடியாது.

பட்டியலை இணையதளத்தில் நேரடியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். அதற்குத் தரப்படும் நாட்கள் சிலவே. அந்த அவசரத்தில் எழுதுவது சரியாக வராது. நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வரிக்கு ஒன்றாகக் கல்லூரியின் குறியீட்டு எண், பாடப்பிரிவு, மூன்று ஆண்டுகளின் எம்.பி.சி. முடிவுத் தரவரிசை, வீட்டிலிருந்து தொலைவு, விடுதிச் செலவு என்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் தமிழ்நாட்டில் ஏராளமாக இருப்பதால், குறியீட்டு எண்ணை இரண்டு முறை சரிபார்ப்பது அவசியம். எழுதி முடித்ததும் ஒரு மாலை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசி வரியிலிருந்து மேலே போய்க்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும், இது ஒன்றுதான் கிடைத்தது என்றால் போவாயா என்று கேளுங்கள். போக மாட்டேன் என்றால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடுங்கள். போகாத கல்லூரியை எழுதிவிட்டு, கிடைத்தபின் வேண்டாம் என்பது அவளுக்கும் நல்லதன்று, அந்த இடத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நல்லதன்று. பிறகு மேலிருந்து கீழே வந்து, அடுத்தடுத்த இரண்டு வரிகளை எடுத்து, இரண்டும் கிடைத்தால் எதற்குப் போவாய் என்று கேளுங்கள். கீழே இருப்பதைச் சொன்னால் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு சில தெரிவுகள் தரப்படும். கிடைத்த இடத்தை ஏற்றுச் சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியானால் தருமாறு கேட்பது இன்னொன்று. கிடைத்ததை மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது மற்றொன்று. இந்த மூன்றாவதை உங்கள் மகள் எந்த நிலையிலும் தேர்ந்தெடுக்கக் கூடாது. காத்திருந்தது வராவிட்டால், கையில் இருந்ததும் போயிருக்கும். இரண்டாவதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் அதோடு போய்விடும், திரும்பிவர முடியாது. பட்டியலின் வரிசை சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறித்த நாளுக்குள் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால் இடம் பறிபோகும் என்பதால், அந்த வாரத்துக்கான பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது அந்த 50,000 ரூபாய். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை, கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டிலோ சேர்ந்தால், நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை நீங்களே விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்கு மேல் அவர்கள் கேட்கும் கட்டணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். தரவரிசைப் பட்டியல்கூட வராத நிலையில் வெள்ளிக்கிழமை என்று நாள் குறிப்பது உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்காகத்தான். அந்தப் படிப்பையும் ஒரு வழியாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று குடும்பத்தில் முடிவெடுத்தால், நான்கு ஆண்டுக்கான மொத்தக் கட்டணத்தையும், விலகினால் எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்வதை எழுத்தில் தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். அசல் சான்றிதழ்களை எந்த நிலையிலும் அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்த பின் அவற்றைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது, ஆனாலும் அசல் மாற்றுச் சான்றிதழை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தபோது அலைந்த குடும்பங்களை நான் அறிவேன். முன்பணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிகச் சிறு பகுதியை, பக்கத்தில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கச் செலவிடுங்கள். அதற்கான சேர்க்கை தனியாக நடக்கிறது, முன்கூட்டியே முடிந்துவிடும். அங்கே மூன்று ஆண்டு படித்துவிட்டு, டான்செட் என்ற மாநில நுழைவுத் தேர்வெழுதி எம்.சி.ஏ.யில் சேரலாம், மென்பொருள் துறைக்குப் போக அதுவும் முழுமையான வழிதான், மாற்று வழி என்று அவள் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஓரமாக எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பு முதல்தான் அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது பொதுவாகப் பொருந்தும். ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதற்குத் தகுதியுடையவர்கள். உங்கள் மகள் எட்டாம் வகுப்பு வரை படித்தது தனியார் பள்ளியிலா, அங்கே அந்தச் சட்டத்தின் கீழ்தான் சேர்ந்தாளா? கட்டணம் கட்டாமல் படித்த நினைவு இருந்தால், நாளையே அந்தப் பள்ளிக்குப் போய் அதற்கான சான்றைக் கேளுங்கள். அது கிடைத்துவிட்டால் 183.5 என்ற எண்ணுக்கு முற்றிலும் வேறு மதிப்பு வந்துவிடும். கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்ளும். மேலே சொன்ன பட்டியலை நாம் புதிதாகவே போட வேண்டியிருக்கும். அப்படி இல்லையென்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். வருவாய் அலுவலர்களின் ஒப்புதல் பெற நாட்கள் ஆகும். தரவரிசை எண் வந்ததும், நோட்டில் போட்ட பட்டியலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள். அடியில் உள்ள பதினைந்து வரிகளை உங்களோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.